பழுப்பு நிலக்கரி: உலர்த்தினால் போதுமா, கரியாக்க வேண்டுமா?

திருகோணமலையில் நிலக்கரி என்றால் சம்பூர்தான் ஞாபகம் வரும், 2016இல் கைவிடப்பட்ட அந்த மின்நிலையத் திட்டம். இது வேறு கதை. நான் வேலை செய்யும் வெளிநாட்டு உருக்காலையில், மலிவான பழுப்பு நிலக்கரியை, இரும்புத் தாதை உருக்கும் ஊதுலைக்கு ஏற்றபடி பதப்படுத்தும் வழியைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. லீவில் உப்புவெளி வீட்டில் இருந்தபோது அறிக்கையை முடித்தேன். கரியாக்குவதற்கே, அதாவது காற்றுப்படாமல் சூடாக்கிக் கரியாக மாற்றுவதற்கே, என் வாக்கு.

ஊதுலையில் கற்கரியை, அதாவது நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டெடுக்கும் கெட்டியான கோக்கை, அடியோடு விட முடியாது. தாதுச் சுமையைத் தாங்குவது அதுதான். நிலக்கரித் தூளைச் சூடான காற்றோடு அடியில் ஊதி, கற்கரிச் செலவைக் குறைக்கலாம், அவ்வளவே. பழுப்பு நிலக்கரியை அப்படியே ஊதினால், நீரையும் வாயுக்களையும் பிரிப்பதிலேயே அங்குள்ள வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

உலர்த்துவது மலிவு, எளிது. நெய்வேலி நிலக்கரியில் பாதிக்குக் கிட்ட நீர்தான்; அந்த வகைக்கு உலர்த்தலே பெரிய ஆதாயம்.

சிக்கல் குவித்து வைக்கும்போதுதான். உலர்த்தியதில் ஒன்று, கரியாக்கியதில் ஒன்று என இரண்டு மாதிரிகளைச் சோசரில் போட்டு விறாந்தையில் வைத்தேன். மார்கழி மழை. உலர்த்தியது சமையலறைத் தராசிலேயே தெரியுமளவுக்குப் பாரம் கூடியது. கரியில் பெரிய மாற்றமில்லை. உலர்ந்த நிலக்கரியின் நுண்துளைகளில் ஒட்சிசன் சேர்ந்த அணுக்கூட்டங்கள் அப்படியே இருப்பதால் அவை ஈரலிப்பை மறுபடி இழுத்துக்கொள்ளும். இழுக்கும்போது வெப்பம் வெளிவரும். காற்றும் சேர்ந்தால் குவியல் தானாகவே பற்றிக்கொள்ளவும் கூடும். காற்றுப்படாமல் சில நூறு பாகைக்குச் சூடாக்கினால் அந்தக் கூட்டங்களில் பெரும்பகுதி கழன்றுவிடும். விறகுக்கும் சிரட்டைக்கரிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரித்தான்.

கரியிலும் குறை உண்டு. சூளையிலிருந்து வந்த புதுக்கரி ஒட்சிசனை ஆவலாகப் பிடிக்கும். ஆறவைத்து, ஒட்சிசன் குறைந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி அடக்கிய பிறகே குவிக்க வேண்டும். சாம்பலும் செறியும்: உலர்ந்த எடையில் பாதி போனால் 5 வீதச் சாம்பல் 10 ஆகிவிடும், கசடும் கூடும். அதனால் தொடக்கத்திலேயே சாம்பல் குறைந்த நிலக்கரியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

எண்ணெயில் போட்டு உலர்த்தும் முறையும் உண்டு. கோபே ஸ்டீல் அதை இந்தோனேசியாவில் செய்து காட்டியது. எங்கள் அளவுக்கு அது பெரிய ஏற்பாடு என்று விட்டுவிட்டேன்.

என் சோசர் சோதனை ஆயிரக்கணக்கான தொன் குவியலுக்குச் சாட்சியாகாது, அது சரி. சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஊதுலை இருந்து, உலர்த்திய கையோடு அரைத்து ஊதுவதென்றால் கரியாக்கும் செலவே வேண்டாம். எங்களுடையது கப்பலில் வருவது.