88 வீஎஃப் ட்ரில், 108 உருப்படி, 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்: நான் ஏமாந்த கதை

வீட்டில் ஒரு மூலையை ஒழித்து மரவேலை பழகலாம் என்று ஆரம்பித்தேன். முதலில் ஒரு புத்தக அலமாரி, பிறகு ஒரு மேஜை. திட்டம் அவ்வளவுதான். இணையத்தில் ஒரு கருவிப் பெட்டி கண்ணில் பட்டது. 108 உருப்படிகள், கூடவே 88 வீஎஃப் பேட்டரி ட்ரில். தனித்தனியாக வாங்கினால் ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ புத்திசாலித்தனம் செய்வதாக நினைத்துக்கொண்டு வாங்கினேன்.

பெட்டி வந்ததும் எண்ணிப் பார்த்தேன். கணக்கில் பொய் இல்லை, 108 இருந்தது. அதில் 46 ஸ்க்ரூ பிட்டுகள். 30 சுவரில் அடிக்கும் பிளாஸ்டிக் ப்ளக்குகள். 20 ஸ்க்ரூக்கள். ஆக 96 போச்சு. மீதி பன்னிரண்டில் நாலு உளி, ஒரு சுத்தியல், ரம்பம், டேப், ரசமட்டம், இடுக்கி, கத்தி, ட்ரில். பன்னிரண்டாவது உருப்படி ஒரு பென்சில்.

முதலில் உளியைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அதிகம் கடுப்பேற்றியது. பளபளவென்று லாக்கர் பூச்சு, தண்டில் ‘குரோம் வனேடியம்’ என்று பொறிப்பு. அது இரும்பில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கான பெயர் மட்டும்தான். சூடேற்றி, தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கித் துவைச்சல் கொடுத்து, பதம் பார்த்து எடுத்தார்களா என்பதை அது சொல்லாது. கல்லில் தேய்த்துக் கூராக்கினேன், தாளைச் சீவியது. சந்தோஷப்பட்டேன். மென்மையான மரத்தில் ஒரு துளை பொளிக்க ஆரம்பித்து, இருபது அடி அடித்திருப்பேன். முனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு வெள்ளைக் கோடு மின்னுகிறது. கூரான முனையில் வெளிச்சம் தங்காது. கோடு தெரிந்தால் முனை மழுங்கிவிட்டது அல்லது மடிந்துவிட்டது. என்னுடையது மடிந்திருந்தது, ஈயத் தகடு மாதிரி.

அவசரப்பட்டுத் திட்டவும் மனசு வரவில்லை. தொழிற்சாலையில் சாணை பிடிக்கும்போது முனை மட்டும் சூடாகிப் பதம் போயிருக்கலாம், சில மில்லிமீட்டர் தேய்த்த பிறகு நல்ல இரும்பு வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மைதான், நல்ல உளிகளிலும் நடக்கும். நாலு மில்லிமீட்டர் தேய்த்தேன். ஒரு மாலை முழுக்கப் போனது. திரும்ப அதே மடிப்பு. கடைசியில் ஒரு அரத்தை எடுத்து முனைப் பக்கம் லேசாக இழுத்தேன். பதம் ஏறிய இரும்பில் அரம் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கும். இங்கே கறகறவென்று கடித்துத் தூள் உதிர்ந்தது. நல்ல மர உளிகளின் கடினம் ராக்வெல் சி என்ற அளவுகோலில் சுமார் 58 முதல் 62 வரை இருக்கும். இதன் எண் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் போய்விட்டது. நேரில் வாங்குபவர்கள் ஒரு பழைய அரத்தைக் கையோடு கொண்டுபோய், உளியின் ஓரத்தில் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அதுவே பதில்.

அடுத்தது ட்ரில். 6 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டுக் கொஞ்சம் அழுத்தினாலே மூச்சு நின்றது. மல்டிமீட்டரில் பேட்டரி முனைகளை அளந்தேன். முழு சார்ஜில் 20.4 வோல்ட். எண்பத்தெட்டு எங்கே போனது? விற்றவரைக் கேட்டேன்.

“சார், அது வோல்ட் இல்லை. வீஎஃப். அது வேற கணக்கு.”

“என்ன கணக்குங்க?”

“கம்பெனி கணக்கு சார்.”

இப்படி ஒரு அலகு மின்னியலில் எங்கேயும் கிடையாது. கணக்கு உண்மையில் எளிது. இந்த மாதிரி பேட்டரிக்குள் லித்தியம் அயான் செல்கள் வரிசையாகக் கோர்த்திருக்கும். ஒரு செல்லுக்குப் பெயரளவில் 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. ஐந்து செல் என்றால் 18, முழுசாக ஏறினால் 21. நேர்மையான நிறுவனங்களில் சிலர் இதையே 18 வோல்ட் என்பார்கள், சிலர் 20 வோல்ட் மேக்ஸ் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், அதில் ஏமாற்று இல்லை. 88 என்பது மட்டும் வானத்திலிருந்து விழுந்த எண்.

மூடியின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன் (உள்ளே கை வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள், லித்தியம் செல் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்). அதே ஐந்து செல்கள், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். மேலே ஒட்டியிருந்த தாளில் கொள்ளளவு 15,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தது. வரிசையாகக் கோர்த்தால் வோல்ட் கூடும், கொள்ளளவு கூடாது. அது ஒரு செல்லின் அளவாகவே இருக்கும். இந்த அளவுள்ள செல்லில் தரமானதே சுமார் 3,500 வரைதான் தாங்கும்.

ஒரு விஷயத்தில் நான்தான் முட்டாள், அதையும் சொல்லிவிடுகிறேன். டேப்பின் முனைக் கொக்கி ஆடுகிறது என்றும் புகார் எழுதினேன். அது ஆடத்தான் வேண்டுமாம். கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு முன்பின் நகரும். வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டி அளந்தாலும் கணக்கு சரியாக வரத்தான் அந்த ஏற்பாடு. இதை அந்த விற்பனையாளர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பேச்சுவார்த்தையில் அவர் சொன்ன ஒரே உண்மை.

ப்ளைவுட்டை வேறு இடத்தில் வாங்கினேன். 18 மில்லிமீட்டர் என்று அச்சு. அதை நம்பி, தட்டுகள் உட்காரப் பக்கப் பலகைகளில் 18 மில்லிமீட்டர் அகலத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்தேன். தட்டைச் செருகினால் பல் விழுந்த கிழவர் வாயில் முறுக்கு மாதிரி ஆடுகிறது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் 16.4, இன்னொரு மூலையில் 16.9. அரை மில்லிமீட்டர் கூடக் குறைய இருப்பது சகஜம். ஒன்றரை என்பது சகஜமில்லை. ஓரங்களுக்கு ஏன் அழகாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள் என்பது அறுத்த பிறகுதான் புரிந்தது. நடு அடுக்குகளில் விரல் நுழையும் இடைவெளி. ஒரு ஸ்க்ரூ அந்தப் பொந்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவே இல்லை. பெயிண்ட் அடித்த ஓரத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அறுத்த ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காடி எடுப்பதென்றால் கையில் இருக்கும் பலகையை அளந்து எடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் மேஜைப் பலகைதான். “நல்லா காய்ஞ்ச மரம் சார், ரெண்டு வருஷம் அடுக்கி வெச்சது” என்றார்கள். தூக்கும்போதே கனமாகத்தான் இருந்தது. கனமான மரம் நல்ல மரம் என்று ஒரு மூட நம்பிக்கை எனக்கு. 300 மில்லிமீட்டர் அகலப் பலகை, அடியில் குறுக்கே சட்டம் வைத்துப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கினேன். நாலாவது மாதம் ராத்திரி பட்டென்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் பலகை நடுவில் நீளவாக்கில் பிளந்திருக்கிறது.

மிச்சம் வாங்கி வைத்திருந்த பலகை ஒன்று வெயில் படாமல் பிளாஸ்டிக் உறையில் கிடந்தது. முனை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் முனையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு துண்டு வெட்டி எடை போட்டேன், 262 கிராம். ஓவன் அடுப்பில் 103 டிகிரி செல்சியஸில் வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை விட்டேன். 214 கிராம். போன தண்ணீர் 48 கிராம். அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் ஈரம் 22 சதவீதத்துக்கு மேல். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு 12 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நிம்மதி.

ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே போனதும் மரம் சுருங்க ஆரம்பிக்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. மரத்தின் ஆண்டு வளையங்கள் ஓடும் திசையில் சுருங்குவது, அடிமரத்தின் நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளத்தில் சுருக்கமே அநேகமாக இல்லை. என் பலகை அகலத்தில் எட்டு மில்லிமீட்டர் சுருங்கப் பார்த்தது. குறுக்குச் சட்டம் நீளவாட்டு மரம், சுருங்காது. பசை விடாது. வேறு வழியில்லாமல் பிளந்தது. குறுக்கே இறுக்கியது என் தப்பு, ஸ்க்ரூத் துளைகளை நீளமாகப் போட்டு மரம் நகர இடம் விட்டிருக்க வேண்டும். பச்சை மரத்தைக் காய்ந்ததென்று விற்றது அவர்கள் தப்பு. இரண்டும் சேர்ந்துதான் மேஜை போனது.

அறுத்தாச்சு, இழைச்சாச்சு, இனிமேல் திரும்ப எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள் மரக்காரர்கள். ட்ரில்காரர் நாலு தடவை எழுதிய பிறகு பாதிப் பணம் தருவதாகச் சொன்னார், நல்ல மதிப்பீடு ஒன்று போட்டால். போடவில்லை. பணமும் வரவில்லை.

நேற்று அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். அதே படம், அதே ட்ரில், அதே பேட்டரி. எண்ணை மட்டும் 128 வீஎஃப் ஆக்கியிருக்கிறார்கள்.