ஒரே நாள் சுழற்கிண்ணமா, நாலு ஞாயிறு லீக்கா?

காலை 8:35க்கெல்லாம் அந்தப் பையன்களின் போட்டி முடிந்துவிட்டது. விடியுமுன் எழுந்து, பள்ளி வேனில் நெருக்கியடித்து ஏறி வந்தவர்கள். முப்பது நிமிட ஆட்டம், 2-0, தோல்வி. வேன்காரருக்கு அன்று கல்யாண வாடகை இருந்தது. சாயங்காலம் 5 மணிக்குத்தான் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பத்துப் பேரும் திடலோர மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஒருவன் மதியம் வரை பூட்ஸைக் கழற்றவே இல்லை. "எந்த டீமாவது வரலைன்னா எங்களக் கூப்பிடுவீங்களா அண்ணே?" என்று என்னிடம் இரண்டு தடவை வந்து கேட்டான்.

சிங்கப்பூரிலிருந்து நாங்கள் சிலர் மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்குப் போய், 16 வயதுக்குட்பட்டோருக்கு எழுவர் காற்பந்துப் போட்டி நடத்தினோம். முதல் வருடம் 16 அணிகளோடு ஒரே நாள் நாக்கவுட், தோற்றால் வெளியே. மறுவருடம் எட்டு அணிகளோடு நாலு ஞாயிறு லீக். "நாங்களும் போகலாம்னு இருக்கோம், எது நல்லது?" என்று இப்போது வேறு இளைஞர்கள் கேட்கிறார்கள். அதற்காகத்தான் இது.

நாக்கவுட்டின் கவர்ச்சி புரிகிறது. வெள்ளி ராத்திரி உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியைத் தாண்டினால் விடியற்காலையில் ஊர். சனிக்கிழமை கோடு போட்டு, கோல் கம்பம் நட்டு, ஞாயிறு காலை விசில். மாலையில் மாலை, பொன்னாடை, கிண்ணம், குரூப் போட்டோ. திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடலாம். 16 அணிக்கு 15 ஆட்டம், அவ்வளவுதான். ஒரு முழுத் திடலை இரண்டாகப் பிரித்தால் முதல் சுற்றின் எட்டு ஆட்டமும் பத்தே முக்காலுக்குள் முடிந்துவிடும். அதில் உள்ள வஞ்சகமும் அங்கேதான்: பத்தே முக்காலுக்குள் பாதி அணிகள் வெளியே. மாற்று ஆட்டக்காரனாக வந்தவன் ஐந்து நிமிடம் ஓடியிருந்தால் அதிர்ஷ்டம்.

அடுத்தது மழை. மலேசியாவின் மேற்குக் கரையில் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் பருவமாற்ற மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். இடி கேட்டால் திடலைக் காலி செய்ய வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி காத்திருக்க வேண்டும். ஒரே நாள் போட்டியில் அந்த அரை மணி எங்கே இருக்கிறது? எங்கள் அரையிறுதி ஒன்று நேரே பெனால்டிக்குப் போனது. தோற்ற அணியின் கோல்கீப்பருக்குப் பதினாலு வயது, அழுதுவிட்டான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அவனுக்கு 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தின் கதையைச் சொன்னார்: 1980இல் தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியின் கோல்கீப்பர், மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அந்த அணி போகவே இல்லை. ஆறுதலாகச் சொன்னாரா, இன்னும் அழ வைக்கச் சொன்னாரா, தெரியவில்லை.

லீக்கில் கணக்கே வேறு. எட்டு அணி, ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் ஒரு தடவை மோதும், 28 ஆட்டம். மூன்று ஞாயிறு எட்டெட்டு, கடைசி ஞாயிறு நாலு. தோற்றாலும் ஜெயித்தாலும் ஒவ்வொரு அணிக்கும் ஏழு ஆட்டம். ஒரு ஞாயிறு மழையில் போனால் அடுத்த வாரம் சேர்த்துக்கொள்ளலாம். காலை 8 மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்.

லீக்குக்கு இன்னொரு நியாயமும் உண்டு. சுங்கை சிப்புட், மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற 'துண்டாடல்' காலத்தில் தொழிலாளர்களே தோட்டம் வாங்க 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர். அதையும் மீறி எத்தனையோ தோட்டங்கள் கைமாறின, பால்மரம் என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீட்டுச் சனம் தாமான்களுக்கு, அதாவது புதுக் குடியிருப்புகளுக்கு, சிதறியது. இன்று டீமின் பெயர்தான் தோட்டத்தின் பெயர். பையன்கள் ஆளுக்கொரு தாமான். ஒரு நாள் போட்டிக்கு அவர்கள் ஜெர்சிக்காகச் சேர்கிறார்கள். நாலு வாரம் என்றால் புதன்கிழமை பயிற்சிக்கும் வந்தாக வேண்டும். இரண்டாம் வாரமே ஓர் அணியின் பழைய ஆட்டக்காரர் ஒருவர் மோட்டாரில் வந்து, கூலி இல்லாக் கோச்சாக உட்கார்ந்துவிட்டார். பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து சேர்க்கவும் லீக்கில்தான் இடம் கிடைத்தது. நாக்கவுட் அன்று அந்தப் பேச்சை எடுக்கவே நேரமில்லை.

கஷ்டம் நமக்குத்தான். ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர், நாலு வாரமும் யார் போய் வருவது? நாங்கள் முதல் ஞாயிறும் கடைசி ஞாயிறும் போனோம். நடுவில் இரண்டு வாரம் உள்ளூர் இளைஞர்கள் நடத்தினார்கள். மூன்றாம் ஞாயிறு புள்ளிப் பட்டியலில் கோல் வித்தியாசத்தைத் தப்பாகக் கூட்டிவிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. போட்டோவும் குறைவு. நன்கொடை கொடுத்தவருக்கு அது வருத்தம். "ஒரே நாள்ல முடிச்சிருக்கலாமே" என்று இன்றும் சொல்கிறார்.

ஒரே ஒரு வாரக்கடைசிதான் கையில் இருக்கிறது என்றால் நடுவழி ஒன்று உண்டு. 16 அணியை நாலு பிரிவாக்கி, பிரிவில் முதல் இரண்டு கிண்ணத்துக்கு, கடைசி இரண்டு ஆறுதல் கிண்ணத்துக்கு. மொத்தம் 38 ஆட்டம். பாதிக்குப் பத்து நிமிடம் வைத்தால் இரண்டு திடலில் எட்டு மணி நேரத்தில் அடங்கும். யாருக்கும் நாலு ஆட்டம் குறையாது. ஆனால் நடுவர்கள் நிறைய வேண்டும், இடி வந்தால் எல்லாம் சரியும். வெறும் நாக்கவுட்டை மட்டும் இனி நான் நடத்த மாட்டேன்.

எந்த வழியானாலும் சில விஷயங்கள் பொது. வயதுச் சண்டைக்கு ஐசி என்கிற மலேசிய அடையாள அட்டை போதும்: முதல் ஆறு எண்ணும் பிறந்த தேதி. உள்ளூர்ச் சங்கம் ஒன்றுதான் போட்டியை நடத்துவதாக இருக்க வேண்டும்; 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையரிடம் பதிய வேண்டிய நாடு இது. சுற்றுலா அனுமதியில் போகும் நாம் அங்கே சம்பள வேலை செய்யக்கூடாது, தொண்டோடு நிற்க வேண்டும். கெடாவில் கூலிம், சுங்கை பட்டாணிப் பக்கம் போகிறவர்கள் கவனம்: அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு பள்ளிக்கூட நாள். வெளிநாட்டுக்காரன் உண்மையில் உதவுவது ஓர் இடத்தில்தான்: விசில். நமக்கு அங்கே மாமன் மச்சான் கிடையாது என்பதால் பெனால்டி கொடுத்தாலும் திட்டு கொஞ்சம் குறைவு.

மரத்தடியில் உட்கார்ந்திருந்த அதே அணி லீக்குக்கும் வந்தது, ஏழாவது இடம். வேன்காரர் இந்த முறை திரும்பிப் போகவில்லை. பத்தரைக்குள் இரண்டு ஆட்டமும் முடிந்துவிடுவதால் வாடகைக்கு நேரம் இருந்தது. முதல் வாரம் வேனுக்குள் தூங்கினார். இரண்டாம் வாரம் கோட்டோரம் நின்று கத்தினார். நாங்கள் கடைசி ஞாயிறு போனபோது கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, அந்த ஆட்டம் ரெண்டு நிமிஷம் லேட்டு," என்று என்னை விரட்டினார்.