சின்ன அறை, ஒரு ஜோடி ஸ்பீக்கர், மூன்று ஆம்ப்ளிஃபயர்

ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பல வருடங்களாகப் பாட்டுக் கேட்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டால் போதும். குறைந்த சத்தத்தில் அந்த ஆம்ப் எப்படி இருக்கிறது என்பதுதான் சின்ன அறையில் தினமும் நம்மோடு வாழப்போகிற விஷயம்.

என்னிடம் இருக்கும் ஸ்பீக்கர் கெஃப் எல்எஸ்50. 2012-இல் வந்த பழைய மாடல், பிறகு வந்த 'மெட்டா' அல்ல. கம்பெனி தரும் சென்சிடிவிட்டி 85 டெசிபல், அதாவது 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம். நான் உட்காருவது இரண்டு மீட்டர் தள்ளி. தூரத்தால் 6 டெசிபல் போகும், இரண்டாவது ஸ்பீக்கர் 3-ஐத் திருப்பித் தரும், சுவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். சராசரியாக 75 டெசிபலில் கேட்க கால் வாட்கூடத் தேவைப்படுவதில்லை. மிருதங்கத்தில் ஓர் அடி சட்டென்று 20 டெசிபல் மேலே எழுந்தாலும் 20 வாட்டுக்குள் முடிந்துவிடும். 40 வாட்டிலிருந்து 80-க்குப் போனால் கிடைப்பது வெறும் 3 டெசிபல்.

வாட்டைவிட ஓம் முக்கியம். எல்எஸ்50-ஐ எட்டு ஓம் என்று சொன்னாலும் அதன் இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு, சுருதிக்குச் சுருதி மாறி ஓர் இடத்தில் 3.2 ஓம் வரை இறங்குகிறது. அந்த இடத்தில் அதே வோல்டேஜுக்கு இரண்டரை மடங்கு கரண்ட் வேண்டும். இதைத் தாங்காத ஆம்ப், சத்தம் ஏற ஏற இறுகிப்போய்விடும்.

முதலில் ஓட்டியது டிபிஏ3116 சிப் போட்ட குட்டி கிளாஸ்-டி (கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓடும் வகை) பெட்டி. லேப்டாப் அடாப்டர் மாதிரி 19 வோல்ட் சப்ளை, எட்டு ஓமுக்கு இருபது வாட் சொச்சம். குரலுக்கும் வீணைக்கும் தாராளம். ஆனால் இந்த வகை மலிவு ஆம்ப்களின் கடைசியில் இருக்கும் ஃபில்டர் ஒரு குறிப்பிட்ட ஓமுக்குக் கணக்கிட்டது. ஸ்பீக்கர் அதிலிருந்து விலகினால் ட்ரெபிளின் மேல்முனை தூக்கும், இல்லையென்றால் மங்கும். எனக்குத் தூக்கியது. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் சேர்ந்துகொள்ள, அரை மணி நேர வயலினுக்குப் பிறகு காது ஓய்வு கேட்டது.

அப்புறம் ஒரு டியூப் ஆம்ப், இஎல்34 நான்கு போட்டது. பெண் குரல் அதில் கேட்ட அளவுக்கு வேறு எதிலும் கேட்கவில்லை, இப்போதும் அதைச் சொல்வேன். சிக்கல் பாஸில். டியூப் ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் எங்கே உயர்கிறதோ அங்கே சத்தமும் உயரும். போர்ட் (பாஸுக்காகப் பெட்டியில் விடும் துளை) வைத்த ஸ்பீக்கருக்கு அந்த மேடுகள் பாஸில்தான் இருக்கின்றன. என் அறையிலோ நீளம் 47 ஹெர்ட்ஸைத் தூக்குகிறது. அகலமும் உயரமும் இரண்டுமே ஏறக்குறைய பத்தடி என்பதால் 56 ஹெர்ட்ஸுக்கு இரட்டை உபசாரம். எண்பதுகளின் திரைப்பாட்டில் பாஸ் கிட்டார் கீழே இறங்கும்போதெல்லாம் பீரோ கைப்பிடி சேர்ந்து வாசித்தது. போதாக்குறைக்கு மே மாதம் வேறு. நான்கு டியூப்பின் ஹீட்டருக்கு மட்டுமே 38 வாட், மொத்தம் நூறைத் தாண்டும். பாட்டே போடாவிட்டாலும் அவ்வளவும் அறைக்குள் சூடாக இறங்கும். ஃபேனை ஐந்தில் வைத்தால் மெல்லிய சங்கதிகள் அந்த இரைச்சலிலேயே போய்விடும்.

இப்போது நிலைத்திருப்பது யமஹா ஏ-எஸ்501, 85 வாட். வாட்டுக்காக இதை வைத்துக்கொள்ளவில்லை. இதில் லவுட்னஸ் ஒரு தனிக் குமிழ். அதை ஃப்ளாட்டில் வைத்துவிட்டு, நீங்கள் கேட்கக்கூடிய உச்ச சத்தத்துக்கு வால்யூமை ஏற்ற வேண்டும். பிறகு லவுட்னஸைத் திருப்பித்தான் சத்தத்தைக் குறைக்க வேண்டும். நடுப்பகுதி அதிகம் குறைகிறது, பாஸும் ட்ரெபிளும் அவ்வளவு குறைவதில்லை. இரவு பத்து மணிக்குக் கேட்டாலும் தம்புராவின் கீழ்ச்சுருதி காணாமல் போவதில்லை. நிறையப் பேர், டோன் குமிழ்களையெல்லாம் தாண்டிப் போகும் பியூர் டைரக்ட் பட்டனை அமுக்கி இந்தக் குமிழையே துண்டித்துவிடுகிறார்கள். பெரிய அறைக்குச் சரி, இங்கே வீண்.

ஒரு தொல்லை உண்டு. டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான சிக்னலாக மாற்றித் தரும் டிஏசி-யிலிருந்து 2 வோல்ட் வருவதால் வால்யூம் குமிழை எட்டு மணி நிலையைத் தாண்டித் திருப்பவே முடிவதில்லை. அந்த அடிப்பகுதியில் இடமும் வலமும் சமமாக இருப்பதில்லை, பாடகர் ஒரு பக்கம் நகர்ந்துவிடுவார். டிஏசி-யில் 10 டெசிபல் குறைத்தேன், சரியாகிவிட்டது.

ஸ்பீக்கர் தன் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிற்கிறது. போர்ட்டில் ஸ்பான்ஞ். நாற்காலியை அறையின் நட்டநடுவில் போட்டால் 47 ஹெர்ட்ஸ் காணாமல் போகும், நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஒட்டினால் அதுவே குமுறும். அந்தச் சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னே போட்டிருக்கிறேன். ஒயர் சாதாரண 16 கேஜ் செம்பு. மூன்று மீட்டருக்குப் போக வர 0.1 ஓம்கூட இல்லை, அதற்கு மேல் செலவழிக்க எனக்கு மனமில்லை.

ஆம்ப்பின் பின்னால் சப்வூஃபர் (பாஸுக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கர்) அவுட்டும் இருக்கிறது. ஆனால் கீழ்வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அதைத் தொடுவதாக இல்லை.