முடிந்தும் முடியாத பைத்தான் புரோகிராம்: பை-ஸ்பை டம்ப் எவ்வளவு உதவும்?

பைத்தான் ஸ்கிரிப்ட் கடைசி வரியையும் அச்சிட்டுவிடும், டெர்மினல் மட்டும் திரும்பி வராது. கன்ட்ரோல்-சி அடித்தால் த்ரெடிங் மாட்யூலின் ஷட்டவுனில் நின்றதாக ஒரு டிரேஸ்பேக் (எந்த வரியில் நின்றது என்று காட்டும் பட்டியல்) வரும். கோளாறு அங்கே இல்லை. டீமன் (புரோகிராம் முடிந்தால் கூடவே அறுபடும் வகை) அல்லாத த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலைச்சரடு) எல்லாம் முடியும்வரை மெயின் த்ரெட் காத்திருப்பது பைத்தானின் வழக்கம். எந்த த்ரெட்டுக்காக என்று அந்த டிரேஸ்பேக் சொல்லாது, பை-ஸ்பை சொல்லும்.

ரஸ்ட் மொழியில் எழுதிய இலவசக் கருவி, பைத்தானின் நிறுவியான பிப்பில் ஒரே வரியில் ஏறிவிடும். கோடைத் தொட வேண்டாம், புரோகிராமை மறுபடி ஓட்டவும் வேண்டாம். தொங்கி நிற்கும் பிராசஸின் எண்ணை டம்ப் கட்டளைக்குக் கொடுத்தால், ஒவ்வொரு த்ரெட்டும் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் நிற்கிறது என்று பெயரோடு வந்து விழும். இதே கருவியின் ரெகார்ட் கட்டளைப் பக்கம் போகாதீர்கள். ஐடில் ஆப்ஷன் தராவிட்டால் சும்மா நிற்கும் த்ரெட்டை அது கணக்கிலேயே எடுக்காது. நமக்கு வேண்டியதோ அந்த த்ரெட்தான்.

வழக்கமான டிரேஸ்பேக்குக்கு நேர்மாறாக, டம்ப்பில் மேல் வரிதான் இப்போது நிற்கும் இடம். மேலே வெயிட், அடுத்து கியூவின் (வேலைகளின் வரிசை) கெட், மூன்றாவதாக உங்கள் ஃபங்ஷன் என்றிருந்தால், ஒர்க்கருக்கு (அந்த வரிசையிலிருந்து வேலை எடுத்துச் செய்யும் த்ரெட்) 'போதும்' என்று யாரும் சொல்லவில்லை. நாலு ஒர்க்கர் வைத்துவிட்டு 'போதும்' என்பதற்கு அடையாளமாக கியூவில் ஒரே ஒரு நன் (None) போட்டால் ஒன்று போய்விடும், மூன்று உட்கார்ந்திருக்கும். ஒர்க்கருக்கு ஒன்று போடுங்கள், பைத்தான் 3.13 முதல் கியூவுக்கே ஷட்டவுன் மெத்தட் உண்டு.

மெயின் த்ரெட் கியூவின் ஜாயினில் நிற்கிறது, பட்டியலில் ஒர்க்கரே இல்லை என்றால், அது எக்ஸப்ஷனில் செத்திருக்கும். வேலை முடிந்ததைக் கியூவுக்குச் சொல்லும் டாஸ்க்-டன் அழைப்பு விட்டுப்போயிருக்கும். அந்த அழைப்பை ஃபைனலிக்குள் (எக்ஸப்ஷன் வந்தாலும் ஓடும் பகுதி) வையுங்கள். சாக்கெட்டின் (நெட்வொர்க் இணைப்பு) ரிசீவில் நின்றால் டைம்அவுட் கொடுங்கள். லினக்ஸில் வேறொரு த்ரெட்டிலிருந்து சாக்கெட்டை க்ளோஸ் செய்வது மட்டும் அதை எழுப்பாது, முதலில் ஷட்டவுன் செய்ய வேண்டும். நீண்ட ஸ்லீப்பில் நின்றால் அதை எடுத்துவிட்டு ஈவென்ட்டின் வெயிட்டைப் போடுங்கள்.

டீமனாக மாற்றினால் தொங்கல் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் பாதி எழுதிய கோப்போடு த்ரெட் அறுபடும். ஜாயினுக்கு டைம்அவுட் கொடுத்துவிட்டு, முடிந்ததா என்று இஸ்-அலைவ் பார்க்காமல் விடுவதும் இதே ரகம். டைம்அவுட் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஜாயின் திருப்பித் தருவது நன்தான்.

குறைகளும் உண்டு. லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) யார் காத்திருக்கிறார் என்று காட்டும், யார் கையில் லாக் இருக்கிறது என்று காட்டாது. லோக்கல்ஸ் ஆப்ஷன் போட்டால் வேரியபிள்களும் வரும், லாக் போன்றவை மெமரி முகவரியோடு. ஒரே முகவரி இரண்டு த்ரெட்டில் தெரிந்தால் அங்கிருந்து நூல் பிடிக்கலாம். சி எக்ஸ்டென்ஷனுக்குள் சிக்கிய த்ரெட்டுக்கு நேட்டிவ் ஆப்ஷன் வேண்டும், அது மேக்கில் கிடையாது. த்ரெட்டுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு 'த்ரெட்-7' என்பது போலத்தான் வரும், அதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது.

பெரிய தலைவலி அனுமதி. மேக்கில் எப்போதும் சுடோ (நிர்வாகி அனுமதி). உபுண்டுவிலும் ஏற்கெனவே ஓடும் பிராசஸை எட்டிப்பார்க்க சுடோ. டாக்கர் கன்டெய்னருக்குள்ளிருந்து ஓட்ட, பொதுவாக சிஸ்-பிட்ரேஸ் அனுமதி (வேறு பிராசஸை எட்டிப்பார்க்கும் உரிமை) சேர்த்து கன்டெய்னரைக் கிளப்பியிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரில் அதைப் பிறகு சேர்க்க முடியாது. அந்த அனுமதியே கிடைக்காத இடத்தில் 3.3 முதல் பைத்தானோடு வரும் ஃபால்ட்ஹேண்ட்லர் நல்லது: புரோகிராமின் தொடக்கத்தில் யூசர்-1 சிக்னலுக்கு அதைப் பதிந்து வைத்தால், கில் கட்டளையில் அந்த சிக்னலை அனுப்பியதும் எல்லா த்ரெட்டின் ஸ்டாக்கும் எர்ரர் அவுட்புட்டில் வரும். விண்டோஸில் இந்தப் பதிவு இல்லை, அங்கே பை-ஸ்பைதான்.