ஓகே பட்டனை மட்டும் கேட்காதீர்கள்

யூஎஸ்பி துளையில் மாட்டுகிற டாங்கிள் என்ற குட்டி ரிசீவரோடு வரும் அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டின் விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று நண்பன் கேட்டிருக்கிறான். ஏர் மவுஸ், மைக், பேட்டரி எல்லாம் அவனுக்கே தெரியும். டிவிக்குப் பின்னால் ஒட்டிவைத்த சின்ன லினக்ஸ் பெட்டியோடு ரொம்ப நாளாக இதைப் புழங்குகிற எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பட்டனைப் பற்றித்தான். நட்டநடுவில் இருக்கிற ஓகே.

நாலு அம்புக்குறியும் வேலை செய்யும். சத்தம் கூடும், குறையும். படத்தின் மேல் போய் நின்று ஓகேயை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்காது. "ஆண்ட்ராய்டு பாக்ஸ்ல போட்டுப் பாருங்க சார்" என்றார் கடைக்காரர். போட்டேன். அதில் ஜோராக வேலை செய்தது. எரிச்சல் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

எந்தப் பட்டன் என்ன எண்ணை அனுப்புகிறது என்று காட்டும் ஈவ்டெஸ்ட் புரோகிராமை ஓட்டினால் விஷயம் பிடிபடும். ஒரே டாங்கிள்தான், ஆனால் கீபோர்டு, மவுஸ், கன்ஸ்யூமர் கன்ட்ரோல், சிஸ்டம் கன்ட்ரோல் என்று பல வேஷத்தில் வந்து உட்காருகிறது. ஓகே வருவது கன்ஸ்யூமர் கன்ட்ரோல் வழியாக. பட்டன் அனுப்பும் மூல எண்ணான ஸ்கேன்கோடு சி0041. கீபோர்டு, மவுஸ் வகையறாவுக்கான யூஎஸ்பி எச்ஐடி அட்டவணையில் அதன் பெயர் 'மெனு பிக்'. லினக்ஸின் மையமான கெர்னலில் இருக்கிற டிரைவர் அதை 'செலக்ட்' கீயாக, 353 என்ற எண்ணோடு மேலே அனுப்புகிறது. இதுவரை யார் மேலும் குற்றமில்லை.

மேலே உட்கார்ந்திருப்பது, திரையில் விண்டோக்களைக் காட்டி, அழுத்திய கீயை அப்ளிகேஷனிடம் சேர்க்கும் எக்ஸ்11. 1987இல் வந்த அந்த புரோட்டோகாலில் கீகோடு, அதாவது கீயின் எண், ஒரே பைட், 8 முதல் 255 வரை. கெர்னல் தரும் எண்ணோடு 8 கூட்டித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதால் 247ஐத் தாண்டிய எதுவும் உள்ளே வராது. 353 எப்படி வரும்? ஒரு எரர் மெசேஜ்கூடக் கிடையாது. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலப் பட்டன்களின் எண் 398 முதல் 401 வரை; அவற்றுக்கும் இதே கதி. எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டில் இந்தத் தடை இல்லை, சரி. ஆனால் 'செலக்ட்' வந்தால் என்டர் மாதிரி நடந்துகொள்ள அந்தந்த அப்ளிகேஷனுக்கும் தெரிய வேண்டுமே!

இனி நல்ல செய்தி. மாட்டுகிற சாதனங்களை லினக்ஸில் அடையாளம் காணும் யூடெவின் ஹார்டுவேர் டேட்டாபேஸில் இரண்டே வரி போதும். முதல் வரியில் டாங்கிளின் வெண்டர் எண், புராடக்ட் எண். அடுத்த வரியை ஒரு ஸ்பேஸ் விட்டுத் தொடங்கி, சி0041 என்றால் என்டர் என்று எழுதிவிட வேண்டும். டேட்டாபேஸைப் புதுப்பித்து டாங்கிளைக் கழற்றி மாட்டினால் முடிந்தது வேலை. மாறுவது டிரைவரின் கீ அட்டவணையே என்பதால் 353 என்ற எண் எக்ஸின் கண்ணிலேயே படாது. பின்னணியில் எந்தப் புரோகிராமும் ஓட வேண்டாம். விண்டோக்கள் இல்லாத வெறும் கன்சோலிலும் வேலை செய்யும். இதைச் செய்த பிறகு எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மெனு பட்டனை 'சி' எழுத்தாக்கினேன், கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயரில் கான்டெக்ஸ்ட் மெனு திறந்தது. இரண்டு பட்டன்கள் 240, அதாவது 'அன்னோன்' என்றே வந்தன. எண் ஒன்றானாலும் ஸ்கேன்கோடு வேறு வேறு. ஆளுக்கொரு வேலை கொடுத்தாயிற்று.

பவர் பட்டன் இன்னொரு தலைவலி. சோபா இடுக்கில் ரிமோட் அமுங்கினால் பெட்டியே அணைந்துவிடும், ஏனென்றால் பவர் கீ வந்ததும் ஷட் டவுன் செய்வதுதான் லினக்ஸை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் இயல்பு. அதன் பகுதியான லாகின்டியின் செட்டிங்கில் பவர் கீயைக் கண்டுகொள்ளாதே என்று சொன்னால் பெட்டியின் சொந்தப் பட்டனும் செத்துப்போகும். அதற்கும் அதே ஃபைல்தான் மருந்து: ரிமோட்டின் பவர் பட்டன் அனுப்பும் 10081 என்ற ஸ்கேன்கோடை வேறொரு கீக்குத் திருப்பிவிட்டேன்.

நியாயமாகப் பார்த்தால் ரிமோட் நல்ல பொருள். கைக்கு அடக்கம், பட்டன்கள் இருட்டில் தடவினாலே பிடிபடும், எத்தனையோ தடவை தரையில் விழுந்தும் பிழைத்திருக்கிறது. இந்தக் காசுக்கு இவ்வளவு கிடைப்பதே பெரிது.

இருந்தாலும் ஒன்று. கைவசம் இருக்கட்டும் என்று இன்னொன்று வாங்கினேன். அதே அட்டைப்பெட்டி, அதே மாடல் எண். உள்ளே டாங்கிளின் வெண்டர் எண்ணும் புராடக்ட் எண்ணும் வேறு. சத்தமில்லாமல் சிப்பை மாற்றிவிட்டார்கள். என் ஃபைல் இதை அடையாளம் காணவில்லை, ஓகே மறுபடி ஊமை, பவர் பட்டன் மறுபடி எமன். எல்லாருக்கும் உதவட்டுமே என்று யூடெவ் டேட்டாபேஸைப் பராமரிக்கும் சிஸ்டம்டி குழுவுக்கு அந்த வரிகளை அனுப்பலாம் என்றிருந்த ஆசையும் அன்றோடு போயிற்று. எந்த எண் எந்த ரிமோட்டுக்கு என்று செய்கிறவர்களுக்கே நிச்சயமில்லாதபோது எதை நம்பி அனுப்புவது?

வேண்டாம், வாங்காதே என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன். "அப்ப உன்கிட்ட இருக்கிற பழசக் குடு மச்சி" என்கிறான்.

அதைத் தர மாட்டேன். வேண்டுமானால் புதுசை எடுத்துக்கொண்டு போகட்டும்.