டெஸ்க்டாப் மேம்பாடு: ஆப்ட், டிஎன்எஃப், ஸிப்பர், பேக்மேன் - எது எதை நீக்கும், எது எப்படித் திரும்பும்

லினக்ஸின் டெஸ்க்டாப் சூழல்களான பிளாஸ்மாவில் 5-இலிருந்து 6-க்கோ, க்னோமில் 43-இலிருந்து 48-க்கோ போவது ஒரு செயலியைப் புதுப்பிப்பது போன்ற வேலை இல்லை. நூற்றுக்கணக்கான பொதிகள் (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகள்) ஒன்றையொன்று குறிப்பிட்ட பதிப்பில் எதிர்பார்த்து நிற்கின்றன. புதிய பதிப்பில் சில பொதிகளுக்குப் பெயர் மாறும், சில இரண்டாகப் பிரியும், சில காணாமலே போகும். பழையதை எடுக்காமல் புதியதை வைக்க முடியாத கட்டம் கட்டாயம் வரும். அங்கே பொதிகளைக் கையாளும் ஒவ்வொரு கருவியும் (டெபியன், உபுண்டுவில் ஆப்ட், ஃபெடோராவில் டிஎன்எஃப், ஓப்பன்சூசேயில் ஸிப்பர், ஆர்ச்சில் பேக்மேன்) எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய வித்தியாசம். வேகமும் வண்ணமும் பிறகு.

ஆப்ட்: மூன்று கட்டளை, மூன்று அளவு அதிகாரம்

'ஆப்ட்-கெட் அப்கிரேட்' புதிய பொதி எதையும் நிறுவாது, இருப்பதை நீக்கவும் செய்யாது. 'ஆப்ட் அப்கிரேட்' தேவையான புதிய பொதிகளை நிறுவும், ஆனால் நீக்காது. 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' இரண்டையும் செய்யும். ஆப்ட்-கெட்டில் இதன் பெயர் டிஸ்ட்-அப்கிரேட். முதல் இரண்டை மட்டும் ஓட்டிவிட்டு "அப்டேட் முடிந்தது, பிளாஸ்மா மட்டும் அப்படியே நிற்கிறது" என்று குழம்புபவர்கள் நிறைய. பிடித்துவைக்கப்பட்ட பொதிகளின் பட்டியலை ஆப்ட் காட்டியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

அதற்காக எப்போதும் ஃபுல்-அப்கிரேட்தான் சரி என்றும் சொல்ல முடியாது. 2024-இன் முற்பகுதியில் டெபியனின் சிட் (நிலையற்ற) கிளையில் நேரத்தை 64-பிட் எண்ணாக வைக்கும் மாற்றம் நடந்தபோது, ஏராளமான நூலகப் பொதிகளின் பெயரோடு 'டி64' என்ற வால் ஒட்டியது. பாதி மாறியும் பாதி மாறாமலும் இருந்த நாட்களில் ஃபுல்-அப்கிரேட் பெரும் நீக்கப் பட்டியல்களை நீட்டியது. வெறும் அப்கிரேட் பொறுமையாகக் காத்திருந்தது. ரெப்போ (பொதிகள் வரும் சேமிப்பகம்) நிலையாக இல்லாதபோது, நீக்கத் தெரியாத கட்டளையே நல்ல கட்டளை.

டெபியன் 12-இலிருந்து 13-க்குத் தாவும்போது வரிசை இது: மூலப் பட்டியலில் புக்வார்ம் என்பதை ட்ரிக்ஸி என மாற்றி 'ஆப்ட் அப்டேட்', அடுத்து 'ஆப்ட் அப்கிரேட் --வித்தவுட்-நியூ-பிகேஜிஸ்', கடைசியில் 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்'. நடுப்படியைத் தாண்டக் கூடாது. எளிதாக மேலேறக்கூடியவை முதலில் ஏறிவிட்டால், கடைசிப் படியில் தேவையில்லாமல் நீக்கப்படுபவை குறையும். கடைசிப் படிக்கு முன் '-எஸ்' சேர்த்து ஒத்திகை பாருங்கள். நீக்கப் பட்டியலில் ஜிடிஎம்3, எஸ்டிடிஎம் (இரண்டும் நுழைவுத் திரைகள்), நெட்வொர்க்-மேனேஜர், பிளாஸ்மா-டெஸ்க்டாப் போன்ற பெயர் எதுவும் மாற்று இல்லாமல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெரும்பாலும் வெளி ரெப்போவிலிருந்து வந்த ஏதோ ஒரு நூலகம்தான் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

அந்த ஆளைக் கண்டுபிடிக்க ஆப்டிட்யூட் அருமையான கருவி. 'ஆப்டிட்யூட் ஒய்' ('ஏன்' என்ற ஆங்கிலச் சொல்) என்று பொதியின் பெயரைக் கொடுத்தால், அது ஏன் அங்கே இருக்கிறது என்ற சங்கிலியைக் காட்டும். முரண் வந்தால் ஒரு தீர்வோடு நிற்காமல், 'என்' அழுத்த அழுத்த அடுத்தடுத்த தீர்வுகளைத் தரும். ஆனால் முதலில் வரும் தீர்வு பல நேரம் விசித்திரமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சம்மத எழுத்தான 'ஒய்' அடித்தால் டெஸ்க்டாப்பில் பாதி போய்விடலாம். விசாரணைக்கு ஆப்டிட்யூட், செயலுக்கு ஆப்ட். டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகளும் பதிப்புத் தாவலுக்கு ஆப்டையே சொல்கின்றன.

யாருக்கும் தேவைப்படாத பொதிகளை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' தனிப் பொறி. டெஸ்க்டாப்பின் உறுப்புகளில் பெரும்பாலானவை ஒரு மெட்டா பொதியின் (மற்றவற்றை இழுத்துவருவதற்கென்றே உள்ள பொதி) சார்புகளாக உள்ளே வந்தவை. மேம்பாட்டில் அந்த மெட்டா பொதி நீங்கிவிட்டால், மற்றவை ஆளில்லாதவையாகிவிடும். 'ஆப்ட்-மார்க் மேனுவல்' கொண்டு தேவையானவற்றைக் குறித்துவிட்டு, அதன்பின் சுத்தம் செய்யுங்கள்.

பதிப்பைத் தாவாமல் டெஸ்க்டாப்பை மட்டும் புதியதாக்க உபுண்டுவில் பிபிஏ (தனி ரெப்போ) வழி உண்டு. குபுண்டு பேக்போர்ட்ஸ் அதற்கு உதாரணம். வசதிதான், ஆனால் ஆப்ட் தானாகப் பழைய பதிப்புக்கு இறங்காது. பழைய பதிப்பின் முன்னுரிமை எண் 1000 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் இறங்கும். எனவே அடுத்த பதிப்புக்குத் தாவும் முன் 'பிபிஏ-பர்ஜ்' ஓட்டி, பிபிஏ தந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

டிஎன்எஃப்: மறுதொடக்கத்தில் நடக்கும் வேலை

ஃபெடோராவில் 'டிஎன்எஃப் சிஸ்டம்-அப்கிரேட்' எல்லாவற்றையும் முதலில் இறக்கிவைக்கிறது. பிறகு மறுதொடக்கம் செய்து, டெஸ்க்டாப் ஓடாத நிலையில் நிறுவுகிறது. டெஸ்க்டாப் மேம்பாட்டைப் பொறுத்தவரை இதுவே சரியான வடிவம். ஓடிக்கொண்டிருக்கும் பிளாஸ்மாவின் காலடியில், அது கட்டப்பட்டிருக்கும் க்யூட்டி நூலகங்களை மாற்றினால், திரைப்பூட்டு உடைந்து கடவுச்சொல் கேட்கும் பெட்டிகூட வராமல் போகும். அப்படி மாட்டினால் இன்னொரு கன்சோலில் நுழைந்து 'லாகின்சிடிஎல் அன்லாக்-செஷன்' என்பதோடு அமர்வு எண்ணைக் கொடுங்கள்.

டிஎன்எஃப்பில் பெயர் மாற்றங்கள் சாதாரண 'அப்கிரேட்'டிலேயே தீர்ந்துவிடும். முரண் வந்தால் '--அலவ்இரேஸிங்' (நீக்க அனுமதி) கேட்கும்; கொடுக்கும் முன் பட்டியலைப் படியுங்கள். அளவுக்கு மீறிப் புகழப்படும் வசதி 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ'. பழைய பதிப்பு ரெப்போவில் இன்னும் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஃபெடோராவின் அப்டேட்ஸ் ரெப்போ புதியதை மட்டுமே வைத்திருக்கும். பதிப்பு மாறும்போது இயல்பு அமர்வும் மாறலாம்: ஏப்ரல் 2024-இல் வந்த ஃபெடோரா 40-இல் பிளாஸ்மா 6 வேலண்ட் என்ற புதிய காட்சி முறையோடு வந்தது, பழைய எக்ஸ்11 அமர்வு வேண்டுமென்றால் தனிப் பொதியாக நிறுவ வேண்டியிருந்தது.

ஸிப்பர்: திரும்பி வரும் வழி

ஓப்பன்சூசேயின் டம்பிள்வீடில் 'ஸிப்பர் டப்' மட்டுமே. 'ஸிப்பர் அப்' அங்கே பாதிக் கிணறு தாண்டுவதுதான். பேக்மேன் என்ற வெளி ரெப்போவிலிருந்து (கீழே வரும் பேக்மேன் கருவி வேறு) கோடெக்குகள் நிறுவியிருந்தால், இரு தரப்பும் ஒரே வேகத்தில் நகராத நாளில் முரண் வரும். ஒன்றிரண்டு நாள் காத்திருப்பதே எளிய மருந்து.

ஸிப்பரின் உண்மையான பலம் ஸ்னாப்பர். பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்பில் ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கும். திரை கறுப்பாகிவிட்டால் தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் பழைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்து உள்ளே போய், 'ஸ்னாப்பர் ரோல்பேக்' கொடுத்து மறுதொடக்கம் செய்தால் போதும். இங்கே நான்கில் இதற்கு இணை இல்லை. ஒரு குறை: ஹோம் அடைவு அந்த ஸ்னாப்ஷாட்டில் சேராது. புதிய பிளாஸ்மா எழுதிய அமைப்புக் கோப்புகள் அப்படியே இருக்கும், பழைய பிளாஸ்மா அவற்றைப் பார்த்து விழிக்கலாம். டாட்-கான்ஃபிக் அடைவை முன்பே நகலெடுத்து வையுங்கள்.

பேக்மேன்

ஒரே கட்டளை: 'பேக்மேன் -எஸ்ஒய்யு'. '-எஸ்ஒய்' கொடுத்து ஒரு பொதியை மட்டும் நிறுவுவது ஆர்ச்சில் ஆதரிக்கப்படாத பாதி மேம்பாடு. டெஸ்க்டாப்பை உடைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. பயனர்களே நடத்தும் ஏயுஆரிலிருந்து வந்த தீம்களையும் கேவின் (பிளாஸ்மாவின் சாளர மேலாளர்) விளைவுகளையும் க்யூட்டி மாறியதும் மறுபடி கட்ட வேண்டும். புதிய அமைப்புகளோடு ஒதுக்கி வைக்கப்படும் 'பேக்நியூ' கோப்புகளைப் பாருங்கள். திரும்ப வேண்டுமென்றால் வார் அடைவுக்குள் உள்ள கேஷில் இருக்கும் பழைய பொதிகளை 'பேக்மேன் -யு' மூலம் மொத்தமாக நிறுவலாம், முன்னதாக கேஷைத் துடைக்காமல் இருந்தால்.

எங்கிருந்து ஓட்டுவது

ஆப்ட், ஸிப்பர், பேக்மேன் மூன்றையும் பெரிய தாவலுக்கு டெஸ்க்டாப்பின் டெர்மினலில் ஓட்டாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துக் கன்சோலுக்குப் போய், அமர்வு அறுந்தாலும் வேலையைத் தொடரவைக்கும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். காட்சி மேலாளர் (நுழைவுத் திரையைத் தரும் நிரல்) நடுவில் மறுதொடங்கினால் டெர்மினலும் சாகும். ஆப்டின் அடியில் ஓடும் டிபிகேஜி பாதியில் நிற்கும். ஆப்டில் அதற்கு மருந்து 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', பிறகு 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'.

எல்லாம் சரியாக முடிந்தும் க்னோம் திணறினால் பொதிக் கருவியைத் திட்டும் முன் நீட்டிப்புகளை அணையுங்கள். செப்டம்பர் 2023-இல் வந்த க்னோம் 45 நீட்டிப்புகள் ஏற்றப்படும் முறையையே மாற்றியதால், பழையவை எல்லாமே திருத்தி எழுதப்பட வேண்டியிருந்தது. புதிதாக ஒரு பயனரை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள்: அங்கே ஒழுங்காக ஓடினால் கோளாறு உங்கள் ஹோம் அடைவில் இருக்கிறது.