வேப்புக்கு மாறப் போகிறீர்களா? கடைக்காரர் கையில் கொடுப்பதை அப்படியே வாங்கிவிடாதீர்கள்

இங்கிலாந்தில் இருந்துகொண்டு சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு, மாறலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வேப்பே கூடாது என்று சொல்ல வந்த பதிவு இல்லை இது, நான் இன்றைக்கும் அதைத்தான் இழுக்கிறேன். ஆனால் முதலில் எனக்கு விற்ற ஆள் செய்த வேலையில் நான் திரும்பவும் சிகரெட்டுக்கே போய்விட்டேன். நூறு பவுண்டு போனதுகூடப் பரவாயில்லை, "வேப் நமக்கு ஒத்துக்கொள்ளாது போல" என்று நம்ப வைத்தார் பாருங்கள், அதுதான் எரிச்சல்.

கடை கிழக்கு லண்டனில் இருக்கிறது. பெயர் போடப் போவதில்லை. முன்பக்கம் போன் கவர், சார்ஜர், சிம் கார்டு, பின்பக்கம் கண்ணாடி அலமாரியில் கலர் கலராக வேப் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்குமே, அந்த மாதிரிக் கடை. கடைக்காரர் தமிழர். விவரமாகச் சொல்லித்தான் கேட்டேன்: "அண்ணா, ரொம்ப வருஷமா தம் அடிக்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், விட்டுடலாம்னு பார்க்கிறேன், புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு எது சரியா இருக்கும்?" இதைக் கேட்டேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சட்டம் பேசும்போது தேவைப்படும்.

"தம்பி, சின்னதெல்லாம் உங்களுக்குப் பத்தாது. ஒரு பாக்கெட் அடிக்கிற ஆளுக்கு இதுதான்" என்று செங்கல் மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். 80 வாட், தனியாகக் கழற்றிப் போடும் பேட்டரி, லிக்விடைச் சூடாக்கும் காயில் 0.15 ஓம். 65 பவுண்டு. கூடவே மில்லிக்கு 20 மி.கி. நிகோட்டின் உள்ள நிக் சால்ட் லிக்விட் ஐந்து பாட்டில். வரி வரப்போகிறது, இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். (வரி வருவது என்னவோ நிஜம்தான், 10 மி.லி.க்கு 2.20 பவுண்டு, 2026 அக்டோபர் 1 முதல். பொய் சொல்பவர்கள் நடுவில் ஒரு உண்மையைச் செருகிவிடுகிறார்கள்.) கார்டு மெஷின் ஓடவில்லை, பக்கத்தில் ஏ.டி.எம். இருக்கிறது என்றும் சொன்னார். காசு கொடுத்தேன், பில் வரவில்லை.

இதில் என்ன தப்பு என்று புதிதாக வருபவருக்குத் தெரியவே தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். வேப்பை இழுப்பதில் இரண்டு வகை. சிகரெட்டில் செய்வது போல முதலில் வாய்க்குள் இழுத்து, அப்புறம் நெஞ்சுக்குள் விடுவது ஒன்று. மூச்சு வாங்குவது போல நேராக நுரையீரலுக்கே இழுப்பது இன்னொன்று. முதல் வகைக்குச் சின்னக் கருவி போதும், காயில் 0.8 ஓம், 1 ஓம் என்று இருக்கும், வாட் குறைவு, ஆவியும் குறைவு. அதனால் லிக்விடில் நிகோட்டின் கூடுதலாக இருந்தால்தான் சிகரெட் குடித்தவனுக்கு அடங்கும். இரண்டாவது வகையில் ஒரே இழுப்பில் அறை நிறைய ஆவி வரும், அதற்கு 3 மி.கி. லிக்விட் போதும், மிஞ்சிப் போனால் 6. எனக்குக் கொடுத்தது இரண்டாவது வகைக் கருவி, முதல் வகைக்கான லிக்விட். நிக் சால்ட் என்பதே தொண்டையில் அவ்வளவாக எரியாமல் கூடுதல் நிகோட்டினை உள்ளே கொண்டுபோவதற்காகச் செய்தது. அதை 80 வாட்டில் கொதிக்க வைத்து இழுத்தால் என்ன ஆகும்?

என்ன ஆனது என்றால், இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர், அப்புறம் விக்கல், வியர்த்துக் கொட்டி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாந்தி வருகிற மாதிரி இருந்தது. நிகோட்டின் ஒரேயடியாக ஏறினால் வருகிற அறிகுறிகள்தான் இவை, அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. போன் செய்து கேட்டால், "முதல்ல அப்படித்தான் இருக்கும் தம்பி, நுரையீரல்ல இத்தனை வருஷ அழுக்கு இருக்குல்ல, அது வெளியே வருது" என்றார்! இந்த வசனத்தை யாராவது உங்களிடம் சொன்னால் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அப்புறம் ஒழுக ஆரம்பித்தது. லிக்விடில் பி.ஜி., வி.ஜி. என்று இரண்டு திரவங்கள் இருக்கும், பி.ஜி. தண்ணி மாதிரி, வி.ஜி. கொழகொழவென்று கெட்டி. பெரிய காயிலில் லிக்விட் நுழையும் துளைகள் பெரிது, அதற்கு வி.ஜி. 70 சதவீதமாவது வேண்டும். பாதிக்குப் பாதி கலந்த லிக்விடை ஊற்றினால் அது காயிலோடு இருக்கும் பஞ்சில் நிற்காமல் கீழே இறங்கிவிடும். சட்டைப் பையெல்லாம் மாம்பழ வாசனை, இழுத்தால் வாய்க்குள் சூடாக இனிப்புத் துளி தெறிக்கிறது.

காயில் கருகிவிட்டது, மாற்றுங்கள் என்று ஒரு பாக்கெட் காயில் விற்றார், 14 பவுண்டு. புதுக் காயிலைப் போட்டால் பஞ்சில் நாலு சொட்டு விட்டு, டேங்கையும் நிரப்பி, பத்து நிமிஷமாவது ஊற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த பஞ்சு முதல் இழுப்பிலேயே கருகும். இதை அவர் சொல்லவில்லை. நானே தேடிப் படித்து ஊற வைத்துப் போட்டும் அதே கருகல் நாற்றம். அப்போதுதான் சந்தேகம் வந்து காயில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பெட்டியில் வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை இருக்கும், ரீசார்ஜ் கார்டில் இருப்பது போல, சுரண்டினால் எண் வரும், அதைக் கம்பெனி தளத்தில் போட்டால் அசலா போலியா என்று சொல்லிவிடும். என் பெட்டியில் எண்ணைச் சுரண்டிப் போட்டால், இந்த எண் ஏற்கெனவே பலமுறை சோதிக்கப்பட்டது என்று வந்தது. அதாவது ஒரே எண்ணை ஆயிரக்கணக்கான பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். கருவியின் பெட்டியை எடுத்தால், அதில் பட்டை முன்னமே சுரண்டப்பட்டிருந்தது. யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததாகக்கூட இருக்கலாம்.

பேட்டரிதான் உச்சம். ஊதா நிற உறையில் 9900 எம்.ஏ.எச். என்று பெரிதாகப் போட்டிருந்தது. 18650 வகை பேட்டரி அது, பெயர் பெற்ற கம்பெனிகளே 3500, 3600 என்றுதான் போடுகிறார்கள், நாலாயிரத்தைத் தொட்டாலே பெரிய விஷயம், 9900 என்பது நடக்காத காரியம். அசல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். சமையலறைத் தராசில் வைத்தேன், 32 காட்டியது. இதை 80 வாட் கருவியில் போட்டு முகத்துக்குப் பக்கத்தில் வைத்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதிகக் கரண்ட் இழுக்கும்போது தாங்காத செல் சூடேறி, வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. பணம் போன கோபம் எல்லாம் அன்றைக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது.

எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். "பிரிச்ச சாமான், வாய் வச்சது, திருப்பி எடுக்க மாட்டோம்" என்று சுவரில் ஒட்டியிருந்த பலகையைக் காட்டினார். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் செல்லாது. 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருளில் குறை இருந்தாலோ, சொன்னபடி இல்லாவிட்டாலோ, 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். எதற்காக வாங்குகிறேன் என்று நீங்கள் சொல்லி, அதை நம்பி அவர் பரிந்துரைத்ததை வாங்கி, அது அந்த வேலைக்கு உதவாமல் போனாலும் அதே உரிமைதான். சட்டத்தைச் சொன்னேன். "பில் இருக்கா தம்பி?" என்று சிரித்தார். கார்டு மெஷின் ஏன் ஓடவில்லை என்பது அப்போது புரிந்தது. ரொக்கத்துக்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. கார்டில் கொடுத்திருந்தால் வங்கி வழியாகவாவது பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம்.

கடைசியில் சமாதானமாம், கவுன்டருக்கு அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்தார். "இதெல்லாம் வெளியில வைக்கக் கூடாது, உங்களுக்காகத் தர்றேன்." குடித்து முடித்துத் தூக்கிப் போடும் வகை வேப், 6000 பஃப் (இழுப்பு), நிகோட்டின் 5 சதவீதம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இங்கே டேங்கில் 2 மி.லி.க்கு மேல் லிக்விட் இருக்கக் கூடாது, அதில் 600 பஃப் வந்தால் அதிகம், 6000 பஃப்புக்கு எத்தனை மில்லி உள்ளே இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். (2 மி.லி. டேங்கோடு 10 மி.லி. பாட்டிலைத் தனியாகச் செருகும் வகை ஒன்று இருக்கிறது, அதிலும் பெரிய பஃப் எண்ணிக்கை போட்டிருப்பார்கள், அது வேறு.) 5 சதவீதம் என்றால் மில்லிக்கு 50 மி.கி., இங்கே உச்சவரம்பு 20. நிகோட்டின் எச்சரிக்கை வாசகம் பெட்டியில் இல்லை. எம்.எச்.ஆர்.ஏ.விடம் (மருந்துகளையும் வேப்பையும் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு செய்த பொருள்களின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது, அதில் இந்தப் பெயரே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்கிப் போடும் வேப்பை விற்பதே 2025 ஜூன் 1-இலிருந்து தடை. நான் அதைத் தொடவில்லை. 2019-20-இல் அமெரிக்காவில் நுரையீரல் பாதிக்கப்பட்டு 68 பேர் செத்தார்களே, அது பெரும்பாலும் கள்ளச் சந்தையில் வந்த கஞ்சா வேப்பில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்டால் வந்தது. கடையில் முறையாக விற்கும் நிகோட்டின் லிக்விடை அதோடு சேர்த்துப் பயமுறுத்துவது சரியில்லை, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒன்றை இழுப்பது பற்றி அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் சிகரெட்தான். அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் கவுன்சிலின் புகை நிறுத்தும் சேவைக்குப் போனேன், இலவசம். அங்கே இருந்த அம்மா கருவியைப் பற்றிப் பேசவே இல்லை. "காலையில் கண் விழித்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்?" என்றுதான் முதலில் கேட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகாது என்றேன். அப்படியென்றால் 20 மி.கி.யில் ஆரம்பியுங்கள், ஆனால் சின்ன பாட் கருவியில் (நான் மேலே சொன்ன முதல் வகை) என்றார். 1 ஓம் காயில், பாதிக்குப் பாதி லிக்விட். சிகரெட்டை உறிஞ்சுவது போல வேகமாக இழுக்காமல் மெதுவாக, நாலு நொடி இழுக்கச் சொன்னார். வேண்டுமானால் தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச்சும் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம் என்றார். கருவி அங்கேயே கொடுத்தார்கள். எல்லா கவுன்சிலிலும் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது, கேட்டுப் பாருங்கள். கடையில் வாங்கினாலும் இந்த வகை 15, 20 பவுண்டுதான், எனக்கு விற்ற செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு. இதே மாதிரி என்.எச்.எஸ். சேவைக்கு வந்தவர்களை வைத்து இங்கே நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், ஒரு வருஷம் கழித்தும் சிகரெட் தொடாமல் இருந்தவர்கள் வேப் குழுவில் 18 சதவீதம், பேட்ச், சூயிங்கம் குழுவில் 9.9 சதவீதம். இரண்டு குழுவுக்கும் ஆலோசனை கிடைத்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இதைப் படிக்கிற சிகரெட் பழக்கமே இல்லாத தம்பி தங்கைகளுக்கு: உங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை, சிகரெட்டைவிட ஆபத்து குறைவு என்பதுதான் கணக்கு, ஆபத்தே இல்லை என்று என்.எச்.எஸ்.கூடச் சொல்லவில்லை.

வாங்கப் போகிறவர்கள் வேப் மட்டுமே விற்கிற கடைக்குப் போங்கள். எத்தனை சிகரெட் குடிக்கிறீர்கள், எப்போது குடிக்கிறீர்கள் என்று அவர்களாகக் கேட்டால் நல்ல அறிகுறி, கேட்காமல் பெட்டியை எடுத்து வைத்தால் கிளம்பிவிடுங்கள். கார்டில்தான் பணம் கொடுக்க வேண்டும். பெட்டியில் சுரண்டும் பட்டை இருந்தால் அது முழுசாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், அங்கேயே சுரண்டி போனில் சரிபாருங்கள், அவர் முகம் கோணினால் கோணட்டும். கழற்றும் பேட்டரி உள்ள கருவி ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். மாட்டிக்கொண்டவர்கள் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் எண் 0808 223 1133-க்கு அழையுங்கள், அவர்கள் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு (கடைகளைக் கண்காணிக்கும் கவுன்சில் துறை) அனுப்புவார்கள். நான் பேட்டரியையும் அந்த 6000 பஃப் பெட்டியையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்படித்தான் புகார் கொடுத்தேன். பணம் வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. உடம்புக்கு ஏதாவது செய்திருந்தால் எம்.எச்.ஆர்.ஏ.வின் எல்லோ கார்டு தளத்திலும் எழுதலாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. சென்னைக்கு வேப்பை எடுத்துப் போகாதீர்கள், 2019 சட்டப்படி இந்தியாவுக்குள் கொண்டுவருவதே குற்றம், முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் இன்னும் கவனம், அங்கே கையில் வைத்திருந்தாலே குற்றம், முதல் தடவை பிடிபடும் பெரியவர்களுக்கு அபராதத்தை 2025 செப்டம்பரில் 700 சிங்கப்பூர் டாலராக உயர்த்தினார்கள். நான் போகும்போது பாட் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு, பேட்ச்சும் நிகோட்டின் சூயிங்கமும் எடுத்துப் போகிறேன்.